முப்பது வயதில் கற்ற மொழி

அன்புள்ள ஐயா,

லிவர்பூலில் செவிலியராக இருக்கிறேன். சொந்த ஊர் நெல்லைப் பக்கம். போன கோடையில் தோழி ஒருத்தி என்னை வடக்கு வேல்ஸில் அபர்டாரன் என்ற கடலோரக் கிராமத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே புனித ஹவின் தேவாலயத்தில் ஆர். எஸ். தாமஸ் என்ற கவிஞருக்கு விழா. அந்தக் கோயிலில் குருவானவராக இருந்தவராம். கவிதை வாசித்தார்கள், பேசினார்கள், ஆராதனையும் நடந்தது. எங்கள் ஊர்த் தேவாலயத்தில் எல்லோரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை நினைவு வந்தது. கோயிலுக்குள் ஒரு கூழாங்கல் குவியல் இருந்தது. நம் மனதில் இருப்பவர் பெயரைக் கல்லில் எழுதி அதில் வைக்கலாம் என்றார்கள். நான் அம்மா பெயரை எழுதி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து அவரைப் பற்றிப் படித்ததும் குழப்பமாகிவிட்டது. கிராமத்து விவசாயிகளை மூளை வறண்டவர்கள் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். அவர்களே எப்படி அவரைக் கொண்டாடுகிறார்கள்? வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷுக்காக எல்லோரையும் திட்டியவர், கவிதையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதினார். மகனை இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில் சேர்த்தார். இது இரட்டை வேடம் இல்லையா? அவரைப் படிக்க எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பரணிலிருந்து பழைய தெலுங்கு அகராதி ஒன்றை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் என் கோபம். நீங்கள் போன விழா இரண்டு பேர் பெயரில் நடப்பது. உங்கள் கடிதத்தில் ஒருவர்தான் இருக்கிறார். மற்றவர் எம். இ. எல்ட்ரிட்ஜ், தாமஸின் மனைவி எல்சி. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படித்தவர். 1940இல் கல்யாணம் நடந்தபோது பெயர் பெற்றிருந்தவர் ஓவியரான அவர்தான். தாமஸ் அப்போது ஓர் உதவிக் குரு. 1950களில், இங்கிலாந்தின் ஓஸ்வெஸ்ட்ரி பக்கத்திலுள்ள ஓர் எலும்பு மருத்துவமனைக்காக நூறு அடிக்கும் மேல் நீளமான சுவரோவியம் ஒன்றை எல்சி வரைந்தார். எந்தச் சுவருக்கு என்று நினைக்கிறீர்கள்? செவிலியர்களின் சாப்பாட்டுக் கூடத்துக்கு. நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து உட்கார்கிற உங்களைப் போன்ற பெண்கள் சாப்பிடும்போது பார்ப்பதற்காக வரைந்தார். அவர் பெயரை நீங்களே விட்டுவிட்டீர்கள். போய்த் தேடிப் பாருங்கள்.

விவசாயிகளைத் திட்டிய கதைக்கு ஒரே ஒரு திருத்தம். அந்தக் கவிதைகள் மனாவன் என்ற மலையூரில் எழுதியவை. 1942இல் அங்கே சேகர குருவாக, அதாவது அந்த ஊர்த் திருச்சபைக்குப் பொறுப்பான குருவாகப் போனார். அபர்டாரனுக்கு வந்தது 1967இல். நடுவே 25 வருடம் இருக்கிறது. அந்தக் கவிதைகளையும் கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும். அடுப்பில் எச்சில் துப்புகிற, மனதில் எதுவுமே இல்லாத மனிதன் என்று தொடங்குகிறவர், முடிவில் அதே மனிதனை நட்சத்திரங்களுக்குக் கீழே தாக்குப்பிடிக்கிற மரமாக நிறுத்திவிட்டுப் போகிறார். முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டால் திட்டு மட்டும்தான் காதில் விழும்.

இரட்டை வேடம். இந்தச் சொல்லை எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்!

தாமஸ் பிறந்தது 1913இல், கார்டிஃப் நகரத்தில். வளர்ந்தது ஹோலிஹெட் துறைமுகத்தில். வீட்டு மொழி ஆங்கிலம். அம்மா தாலாட்டியதும் அதட்டியதும் அதில்தான். அது அவர் கேட்டு வாங்கியது இல்லை. அவர் பிறப்பதற்கு இரண்டு வருடம் முந்தைய கணக்கெடுப்பில் வேல்ஸில் நூற்றுக்கு 43 பேர் வெல்ஷ் பேசினார்கள். 2021இல் 18 பேர்கூட இல்லை. அந்தச் சரிவு தொடங்கியிருந்த காலத்தில் பிறந்த பிள்ளை அவர்.

முப்பதை நெருங்கும்போது எல்லையோரச் சேகரம் ஒன்றில் வேலை. அங்கிருந்து மேற்கே பார்த்தால் வேல்ஸின் மலைகள் தெரியும். இரவில் தலைக்கு மேலே ஜெர்மன் விமானங்கள் உங்கள் லிவர்பூலைக் குண்டு போடப் போய்க்கொண்டிருந்தன. அந்த நாட்களில்தான் வெல்ஷ் கற்பது என்று முடிவு செய்தார். வாத்தியார் தேடிப் போய்ப் பாடம் கேட்டார். போன இடங்களிலோ அதைப் பேச ஆளில்லை. மனாவனில் ஆங்கிலம். அடுத்த ஊரான எக்லுயிஸ் வாஹில் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். கற்ற மொழியில் ஊர் முழுக்கத் தன்னோடு பேசும் என்ற நிலை அபர்டாரனில்தான் வாய்த்தது. அப்போது அவருக்கு வயது 54.

அவர் கோபத்துக்கு இன்னொரு காரணம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. லிவர்பூலின் தண்ணீர்த் தேவைக்காக 1965இல் கேப்பல் கெலின் என்ற வேல்ஸ் கிராமத்தை மூழ்கடித்தார்கள். முழுக்க வெல்ஷ் பேசிய ஊர். பள்ளிக்கூடம், ஜெபவீடு, தபால் நிலையம், வீடுகள் எல்லாம் ஏரிக்கு அடியில். நாடாளுமன்றத்தில் வேல்ஸ் உறுப்பினர் ஒருவர்கூட அதை மூழ்கடிக்க அனுமதித்த சட்டத்தை ஆதரித்து வாக்களிக்கவில்லை. இதைப் பார்த்த மனிதர் மெதுவாகப் பேச வேண்டும் என்றா எதிர்பார்க்கிறீர்கள்?

சரி, அப்படியென்றால் ஏன் வெல்ஷில் கவிதை எழுதவில்லை? எழுத வரவில்லை. அவ்வளவுதான். உரைநடை எழுதினார். 1985இல் தன் வாழ்க்கைக் கதையையே வெல்ஷில் எழுதினார், தன்னை 'அவன்' என்று சொல்லி. தலைப்பு 'நெப்'. யாருமில்லை என்று பொருள். ஆனால் கவிதை தாய்மொழியில்தான் வரும் என்பது அவர் நம்பிக்கை. அந்தத் தாய்மொழி ஆங்கிலமாகப் போனதைச் சாகும்வரை அவரால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அகராதிக்கு வருகிறேன்.

என் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம். வீட்டில் தெலுங்கு. பெரியவர்கள் தங்களுக்குள் தெலுங்கில் பேசுவார்கள், எங்களிடம் தமிழில். கேட்டால் புரியும், வாயில் வராது. எனக்கு முப்பத்திரண்டு வயதில் அவ்வா, என் பாட்டி, படுக்கையில் விழுந்தாள். கடைசி மூன்று வாரம் அவளுக்குத் தமிழ் மறந்துவிட்டது. எழுபது வருடம் பேசிய தமிழ், சந்தையில் பருத்திக்கு விலை பேசிய தமிழ், ஒரு சொல் மிச்சமில்லை. நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "எவரு நுவ்வு?" என்பாள். யார் நீ என்று பொருள். "நான்தான் அவ்வா" என்பேன். திரும்பவும் "எவரு நுவ்வு?" பதிலுக்கு ஒரு வார்த்தை, 'நான்' என்பதற்கு 'நேனு' என்று ஒரு வார்த்தை, அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காரியம் முடிந்த மாதமே அகராதி வாங்கினேன். எழுத்துக் கற்றேன். மூன்று வருடத்தில் நாளிதழ் படிக்க வந்தது. அப்புறம் அவளைப் பற்றித் தெலுங்கில் நாலு வரி எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் விருந்தாளியாக வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தது. விஜயவாடா நண்பர் ஒருவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "தப்பு எதுவும் இல்லை" என்றார். அன்றைக்கு மூட்டை கட்டிப் பரணில் போட்ட அகராதிதான் அது.

ஆகவே எஸ்., 'இரட்டை வேடம்' என்ற அந்த வார்த்தையை என்னிடம் சொல்லாதீர்கள். வராத மொழிக்காக ஒரு மனிதன் ஐம்பது வருடத்துக்கு மேல் தவம் கிடந்திருக்கிறான். வந்த மொழியில்தான் அழ முடிந்தது என்பதற்காக அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவீர்களா? "பெரியவன் ஆனதும் கற்றுக்கொள்வான்" என்று குழந்தைக்கு வீட்டு மொழியை ஒத்திப்போடுகிற பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் தாமஸ் ஞாபகம்தான் வருகிறது. கற்றுக்கொள்வான். செய்தித்தாள் படிப்பான். செத்துக்கொண்டிருக்கிற பாட்டிக்குப் பதில் சொல்ல மாட்டான்.

மகன் விஷயத்தில் நான் வாதாட மாட்டேன். அது தவறுதான். தான் எதை இழந்தோம் என்று தெரிந்த ஒருவர் அதையே மகனுக்கும் செய்தார். என் மகளுக்கும் தெலுங்கு தெரியாது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தைரியமில்லை.

எந்தப் புத்தகம் என்று கேட்டிருந்தீர்கள். அபர்டாரன் காலத்துக் கவிதைகளில் தொடங்குங்கள். காலிக் கோயிலில் மண்டியிட்டு, பதில் சொல்லாத கடவுளுக்காகக் காத்திருக்கிற கவிதைகள். நீங்கள் அந்தக் கோயிலுக்குள் நின்றிருக்கிறீர்கள், வெளியே அலைச் சத்தம் கேட்டிருப்பீர்கள். முன்னுரை எதுவும் தேவைப்படாது.

அடுத்த கோடையில் திரும்பப் போவதாக இருந்தால் ஓர் உதவி. உங்கள் அம்மா கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல் வைக்க வேண்டும். அவ்வாவின் பெயரைத் தனி மடலில் அனுப்புகிறேன், தெலுங்கு எழுத்தில். உங்களுக்குப் படிக்கத் தெரியாது, பரவாயில்லை. பார்த்து அப்படியே வரைந்தால் போதும்.