அப்பாவைப் போலவே பிள்ளையுமா?

வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 64. காலமான என் கணவர், கல்யாணமான நாளிலிருந்தே என்னை அடிப்பார். மூத்த மகன் சிறுவனாக இருந்தபோது குறுக்கே வந்து நின்று அழுவான். அதே மகன் இன்று தன் மனைவியை அடிக்கிறான்.

அவனுக்கு மேலதிகாரியோடு ஒத்துப்போகவில்லை. கடன் இருக்கிறது, குடிக்கவும் செய்கிறான். அடித்த மறுநாள் அவளிடம் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்பான். சில நாள் அமைதியாகப் போகும், பிறகு ஏதாவது ஒரு சாக்கு. மருமகளும் சட்டென்று பதில் பேசிவிடுகிறவள்தான். போன வாரம் ஆத்திரத்தில் அவள் கழுத்தைப் பிடித்து அழுத்திவிட்டான். நான் கூச்சல் போட்டதும் விட்டுவிட்டான், காயம் ஒன்றும் இல்லை. பேரன் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்க்கிறான்.

இளைய மகன் இதுவரை மனைவி மேல் கை வைத்ததில்லை. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். மூத்தவனுக்கு மட்டும் இது இரத்தத்தில் வந்ததா? மருமகளிடம் என் கதையைச் சொல்லி, "நான் பொறுத்துக்கொண்டதுபோல் நீயும் பொறுத்துக்கொள்" என்று கேட்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

ஆலோசகரின் பதில்

அன்புள்ள அம்மா,

நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் கழுத்து விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். கழுத்தை அழுத்தும்போது வெளியே தடம் எதுவும் தெரியாமலே உள்ளே இரத்தக்குழாய் சேதமாகலாம். சில நாள் கழித்துப் பக்கவாதம் வருவதும் உண்டு. மருமகளின் குரல் கம்மியிருக்கிறதா, விழுங்கும்போது வலிக்கிறதா என்று கேளுங்கள். எதுவும் இல்லை என்றாலும் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், அங்கே நடந்ததை மறைக்க வேண்டாம். 2008இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, துணைவனால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அவன் கையாலேயே கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கும் மேல். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை என்று எழுத மாட்டேன். கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும்.

இரத்தத்தில் வந்ததா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் உங்கள் இளைய மகன். வீட்டில் அடியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்தான். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் அடிக்கிறவர்களாக ஆவதில்லை.

மீதிப் பதில், பிள்ளை எதைப் பார்த்தான் என்பதில் இருக்கிறது. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1965இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒருவர் பெரிய பொம்மை ஒன்றை அடித்து நொறுக்கும் படத்தைச் சிறு குழந்தைகளுக்குக் காட்டினார். ஒரு குழு பார்த்த படத்தில் அடித்தவருக்குத் தண்டனை கிடைத்தது, இன்னொரு குழு பார்த்ததில் பரிசு. மூன்றாவது குழுவின் படம் எதுவுமே நடக்காமல் முடிந்தது. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் பிறகு பொம்மையைக் குறைவாகவே அடித்தார்கள். எதுவும் நடக்காததைப் பார்த்தவர்களோ, பரிசைப் பார்த்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாக அடித்தார்கள்.

உங்கள் மகன் அப்பாவின் கையை மட்டுமா பார்த்தான்? மறுநாள் காலையையும் பார்த்திருப்பான். அப்பாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு வந்திருக்கும், உறவினர்கள் வழக்கம்போல் மரியாதையாகப் பேசியிருப்பார்கள், யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அடி வாங்கியவரிடமே போய் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பது அநியாயம். கேட்டிருக்க வேண்டியவர்கள் சுற்றியிருந்தவர்கள். இன்று அந்த இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

குடியும் கடனும் அடியைக் கூட்டும், கடுமையாக்கும். ஆனால் மேலதிகாரி மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அவரிடம் இவன் கை ஓங்கியதாக நீங்கள் எழுதவில்லை. நீங்கள் கத்தியதும் விட்டுவிட்டான் என்றால், குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அவனால் நிறுத்த முடிகிறது என்றுதானே பொருள்? மருமகள் பதில் பேசுவதையும் காரணமாக்காதீர்கள். அவள் வாய் திறக்காத நாளில் அந்த மௌனமே குற்றமாகிவிடும், இது உங்களுக்குத் தெரியாததா? மன்னிப்புக் கேட்பதை லெனோர் வாக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979லேயே விவரித்திருக்கிறார்: இறுக்கம், வெடிப்பு, பிறகு கொஞ்சல். எல்லா வீட்டிலும் இந்த வரிசை இருப்பதில்லை. உங்கள் வீட்டில் இருக்கிறது. அவன் கண்ணீர் உண்மையாகவே இருக்கலாம், அதனால் அடுத்த அடி நின்றுவிடாது.

உங்கள் கதையை மருமகளிடம் அவசியம் சொல்லுங்கள். "பொறுத்துக்கொள்" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அவன் வீட்டில் இல்லாத நேரத்தில் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பிரிந்து போகும் நேரம்தான் மிகவும் ஆபத்தானது. ஆகவே போக நினைத்தால், பெண்கள் உதவி மையத்தில் பேசித் திட்டமிட்டு, அவனுக்குத் தெரியாமல் போகட்டும். ஆவணங்களை உங்களிடம் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமாதானம் பேசாதீர்கள். அங்கே அவள் சொல்லும் உண்மைக்கு இரவில் அவள்தான் விலை கொடுப்பாள். பேரனிடம், "அப்பா செய்வது தப்பு, இது உன்னால் நடக்கவில்லை, குறுக்கே போகாமல் ஓடிவந்து என்னிடம் சொல்" என்று சொல்லிவையுங்கள்.

மகனிடம் பேசுவதென்றால் முதலில் மருமகளின் சம்மதத்தைக் கேளுங்கள். அவள் சரி என்றால், இனி கை ஓங்கினால் போலீஸை அழைப்பதும் சாட்சி சொல்வதும் நீங்கள்தான் என்று அவனிடம் சொல்லலாம். குடிக்குச் சிகிச்சை தனியாக வேண்டும். அதோடு, வன்முறை செய்யும் ஆண்களுக்கென்றே நடத்தப்படும் குழுப் பயிற்சி இருந்தால் அதில் சேரட்டும். அவன் மறுத்தால் மருமகளின் ஏற்பாடுகள் எதையும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.