எல்இடிக்கு முன்னால் சுவிட்சைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு ஒரு வயர்மேனின் பதில்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர்: அண்ணே, ஒரு வகுப்பில் 12 டியூப் லைட் இருக்கிறது. எல்இடி போட்டால் எவ்வளவு மிச்சம்?

பழைய 4 அடி டியூப்பில் 36 வாட் என்று போட்டிருக்கும். டியூப்புக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் இரும்புச் சோக்கு தின்பதையும் சேர்த்தால் 45 பக்கம் வரும். எல்இடி 18 வாட். 12 விளக்கிலும் சேர்த்து 324 வாட் குறையும். நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 20 நாள் என்றால் சுமார் 52 யூனிட். யூனிட் 50 சென் என்று வைத்தால் மாதம் 26 ரிங்கிட் மிச்சம்.

ஆனால் அதற்கு முன்னால் சுவிட்சைப் பாருங்கள் தம்பி. பல வகுப்புகளில் ஒன்றைத் தட்டினால் ஜன்னலோர வரிசையும் உள்வரிசையும் சேர்ந்தே எரியும். ஜன்னலோர வரிசைக்குத் தனி சுவிட்ச் கொடுத்தால், காலை பத்து மணி வெயிலில் அதை அணைத்துவிடலாம். செலவு கொஞ்சம் வயரும் கூலியும்தான்.

ஆசிரியை: பின்வரிசை இருட்டாக இருக்கிறது என்கிறார்கள். கூடுதல் லைட் போடலாமா?

முதலில் அளந்து பாருங்கள் டீச்சர். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். வகுப்பறைக்கு 300 முதல் 500 லக்ஸ் என்கிறது எம்எஸ் 1525 என்ற மலேசியத் தரம். லக்ஸ் மீட்டரை மேசைமேல் வைக்க வேண்டும். கண்ணை நம்பாதீர்கள், வெயிலிலிருந்து உள்ளே வந்தால் எந்த அறையும் இருட்டுதான். குறைவாக இருந்தால் டியூப்பைத் துடைத்துவிட்டு மறுபடி அளங்கள். செம்மண் ரோட்டோரப் பள்ளிகளில் தூசியே பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும் போல இருக்கும். அப்புறம், விளக்கு காற்றாடிக்கு மேலே இருக்கிறதா? இறக்கை நிழல் நோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும், பிள்ளைகளுக்குத் தலைவலிதான். விளக்கை இறக்கைக்குக் கீழே இறக்குங்கள்.

தோட்டக் கிராணி: ஆபீஸில் பழைய ஃபிட்டிங்கிலேயே எல்இடி டியூப் மாட்டலாமா?

இரும்புச் சோக்கு என்றால், அதற்கான டியூப்பை வாங்கி, ஸ்டார்ட்டரைக் கழற்றி, கூடவே வரும் எல்இடி ஸ்டார்ட்டரைப் போட்டால் சரி. எலக்ட்ரானிக் பாலாஸ்ட், அதாவது மின்னணுச் சோக்கு என்றால் ஒத்துப்போகும் டியூப் வேண்டும், அல்லது பாலாஸ்டைக் கழற்றி வயரை மாற்ற வேண்டும். அதை எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனிடம் விடுங்கள். ஒரு முனையில் கரண்ட் எடுக்கும் டியூப்பும் இரு முனையில் எடுப்பதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதனால் மாற்றிய ஃபிட்டிங்கில் எந்த வகை டியூப் என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

டியூஷன் ஆசிரியர்: ஆள் இல்லாவிட்டால் அணையும் சென்சார்?

கழிப்பறைக்கும் ஸ்டோருக்கும் நல்லது. வகுப்புக்கு வேண்டாம். பிள்ளைகள் பரீட்சையில் அசையாமல் எழுதும்போது அணைந்துவிடும்.

கிராணி: கழற்றிய டியூப்பை என்ன செய்வது?

உள்ளே பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் பெட்டியில் அடுக்கி, உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் வேண்டவே வேண்டாம்.