மோட்டார் இல்லாத சோலார் டிராக்கர் எப்படித் திரும்புகிறது?

சோலார் டிராக்கர் என்றால் சோலார் பேனலை நாள் முழுக்க சூரியன் பக்கம் திருப்பி வைக்கிற தாங்கி. வெயில் சாய்வாக விழுந்தால் அதே பேனலுக்குக் குறைந்த வெளிச்சம்தான் கிடைக்கும், அதற்குத்தான் இது. ஆனால் மோட்டாரும் சென்சாரும் பழுதாகும், அதனால் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சோம்வொர்க்ஸ் நிறுவனம் செய்த வகை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிழக்கு, மேற்கு ஓரங்களில் தலா ஒரு உருளை, உள்ளே எளிதில் ஆவியாகும் திரவம், இரண்டையும் இணைக்க ஒரு மெல்லிய குழாய், அவ்வளவுதான். நிழல் தகடுகள் இருப்பதால் சூரியனிலிருந்து விலகியிருக்கும் பக்கத்து உருளைதான் அதிகம் சூடாகும், அங்கே ஆவியின் அழுத்தம் ஏறி திரவத்தை மறுபக்கம் தள்ள, எடை கூடிய தராசுத் தட்டு போல அந்தப் பக்கம் சூரியனை நோக்கி இறங்கும். காலையில் திரும்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

துல்லியமாகத் திரும்பாவிட்டால் பயனில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது வெயிலைக் குவிக்கும் லென்ஸ் வைத்த கருவிகளுக்குத்தான் பொருந்தும். சாதாரணப் பேனல் 10 டிகிரி விலகினாலும் நேர் வெயிலில் இழப்பு சுமார் 1.5 சதவீதமே.