மூன்று ஓட்டை பாட்டில்: நடுத்தாரை ஏன் தூரம் போகிறது?

கேள்வி: குளச்சல் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் என்று காட்ட, பாட்டிலில் மேலே, நடுவே, கீழே மூன்று ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி மேசைமேல் வைத்தேன். அடித்தாரைதான் தூரம் போகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். "நடுவுல உள்ளதுதான் சாரே தூரமா போகுது" என்றார்கள் பிள்ளைகள். எங்கே பிழை?

பதில்: உங்கள் செய்முறையில் பிழை இல்லை. பிள்ளைகள் பார்த்ததும் சரி. மேசைமேல் நிற்கும் பாட்டிலில் அடித்தாரையை ஆகத் தூரமாக வரைந்து காட்டுகிற படங்கள்தான் தவறு. இதை அடுத்த வகுப்பில் அவர்களிடமே சொல்லிவிடுங்கள். கண்ணால் பார்த்ததை நம்பலாம் என்ற தைரியம் பிள்ளைகளுக்கு வரும்.

தாரை எவ்வளவு தூரம் போகும் என்பது இரண்டு விஷயங்களில் இருக்கிறது: வெளியே வரும் வேகம், விழுவதற்குக் கிடைக்கும் நேரம். வேகம் ஓட்டைக்கு மேலே நிற்கும் தண்ணீரின் உயரத்தைப் பொறுத்தது. 1644-இல் இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி வெளியிட்ட விதி இது. அடி ஓட்டையில் வேகம் அதிகம்தான். ஆனால் மேசை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் தாரை உடனே விழுந்துவிடுகிறது. மேல் ஓட்டைக்கு நேரம் உண்டு, வேகம் போதாது. நடு ஓட்டைக்கு இரண்டும் ஓரளவு கிடைக்கின்றன.

கணக்குப் போட்டே பார்க்கலாம். தண்ணீர் 24 செ.மீ. உயரம், ஓட்டைகள் அடியிலிருந்து 6, 12, 18 செ.மீ. உயரத்தில். ஓட்டைக்கு மேலுள்ள நீரின் உயரத்தையும், ஓட்டையிலிருந்து தண்ணீர் விழும் இடம் வரையுள்ள உயரத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். நடுத்தாரை 24 செ.மீ. போகும். மேல், கீழ்த் தாரைகள் இரண்டும் சுமார் 21 செ.மீ. தூரத்தில் ஒரே இடத்தில் விழும்!

இப்போது அதே பாட்டிலை 60 செ.மீ. உயர ஸ்டூலின் விளிம்பில் வைத்து, தண்ணீரைத் தரையில் விழவிடுங்கள். அடித்தாரை சுமார் 69, நடு 59, மேல் 43 செ.மீ. நீங்கள் காட்ட நினைத்தது இதுதான். நிஜத்தில் தூரம் கொஞ்சம் குறையும், வரிசை மாறாது. மூன்று ஓட்டையையும் ஒரே ஆணியைச் சூடாக்கிப் போடுங்கள், நேர்கோட்டில் வேண்டாம், சற்று விலகி இருக்கட்டும். இல்லாவிட்டால் தாரைகள் ஒன்றோடொன்று மோதும். மூடியைக் கழற்றிவிட்டு, ஓட்டைகளில் ஒட்டிய டேப்பை ஒரே இழுப்பில் எடுங்கள். நீர்மட்டம் இறங்குவதற்குள் குறித்துவிட வேண்டும்.

ஆனால் அழுத்தத்தைக் காட்ட தாரையே தேவையில்லை என்பேன். உங்கள் வகுப்பில் சிப்பி எடுக்க முங்குகிறவர்களின் பிள்ளைகள் இருக்கலாம். ஆழம் போகப் போகக் காது ஏன் வலிக்கிறது என்று அவர்களிடமிருந்தே பாடத்தைத் தொடங்குங்கள். கடலில் 10 மீட்டர் இறங்கினால், மேலே இருக்கும் காற்றழுத்தத்தின் அளவுக்கு இன்னொரு பங்கு சேர்ந்துவிடுகிறது.

அப்புறம் ஒரு புனலின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டுங்கள். அதன் மறுமுனையில், கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபைச் செருகி, டியூபை 'ப' வடிவில் வளைத்துச் சாயத் தண்ணீர் ஊற்றுங்கள். புனலை வாளித் தண்ணீரில் இறக்க இறக்க, டியூபின் இரு பக்க மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். ஓர் ஆழத்தில் நிறுத்தி, புனலை மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் திருப்பச் சொல்லுங்கள். ரப்பரின் நடுப்பகுதி அதே ஆழத்தில் இருக்கும்வரை மட்டம் அசையாது.