1.6 லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் டிசையரை வாங்கலாமா?

கேட்டவர் ஈரோட்டிலிருந்து தினமும் திருப்பூர் போய் வருகிறவர். 2014 மாடல் டிசையர் டீசல், இரண்டாவது ஓனர், மீட்டரில் 1.6 லட்சம். வாங்கலாமா, வாங்கினால் எப்படி வைத்துக்கொள்வது என்பது கேள்வி.

வாங்கலாம். உங்கள் ஓட்டத்துக்குத்தான் டீசல். 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய் அளவுக்கு வித்தியாசம் இருந்தது, ஊரே டீசல் வாங்கியது. இப்போது எட்டு ரூபாய்தான். ஆனாலும் தினம் நூறு கிலோமீட்டர் ஓட்டினால், மைலேஜையும் சேர்த்துப் பார்க்கும்போது மாதம் 4,000 ரூபாய் சுமாருக்கு மிச்சமாகும். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு உதவாது. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு ஒரு செலவு வந்தால் வருஷ மிச்சமும் போய்விடும்.

கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த 1.3 லிட்டர் எஞ்சின் ஃபியட்டின் மல்டிஜெட். மாருதி, டாட்டா, ஃபியட் என்று பல வண்டிகளில் இருந்ததால் அதைப் பிரிக்கத் தெரியாத மெக்கானிக் நம் ஊரில் கிடையாது. நானே 1.3 லட்சத்தில் வாங்கிய இதே எஞ்சின் வண்டியை இரண்டரை லட்சம் தாண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், எஞ்சின் ஹெட்டை இன்னும் கழற்றவில்லை. பைபாஸில் ஒரே சீராக ஓடிய 1.6 லட்சம், டவுனுக்குள் கிளட்ச்சை மிதித்து மிதித்து ஓடிய 80,000-ஐவிட நல்லது. எனக்குப் பயம், 2014 வண்டியைக் காட்டி 60,000 தான் ஓடியிருக்கிறது என்பவரிடம்தான். மீட்டரைத் திருப்புவது பெரிய வேலையே இல்லை. பிரேக் பெடல் ரப்பர் வழுவழுப்பாகி, டிரைவர் சீட்டின் கதவுப்பக்க ஓரம் அமுங்கிப்போயிருந்தால் மீட்டர் சொல்வதை நம்பாதீர்கள். ஓனரைக் கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸுக்குப் போனால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டருக்கு வந்தது என்று வண்டி நம்பரை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள். நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பானெட்டைத் திறந்தால் எஞ்சின் பளபளவென்று கழுவி இருக்கிறதா? எனக்கு அது பிடிக்காது. தூசியோடு இருந்தால்தான் ஆயில் எங்கே கசிகிறது என்று தெரியும். பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்காரர்கள் முதலில் செய்வதே வாட்டர் வாஷ்தான்.

சாவியைத் திருப்பி, ஹீட்டர் விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நொடிகளில் டைமிங் செயின் பக்கம் கடகடவென்று சத்தம் வந்து அடங்கினால் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் தேய்ந்திருக்கின்றன. வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை, அந்தச் செலவை விலையில் குறையுங்கள். சூடானபிறகு ஐடிலில் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வருவது சகஜம். இட்லிப் பானையைத் திறந்ததுபோல் குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது, அந்த வண்டி வேண்டாம். நீலப் புகை என்றால் எங்கோ ஆயில் எரிகிறது. மிதிக்கும்போது கறுப்புப் புகை என்றால் பெரும்பாலும் ஏர் ஃபில்டர், புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வ், டர்போ ஹோஸ், இன்ஜெக்டர் இவற்றில் ஒன்று. கூலன்ட் டப்பாவில் எண்ணெய் மிதந்தால் பேச்சே வேண்டாம். மெக்கானிக்கை ஸ்கேனரோடு கூட்டிப்போனால் இன்ஜெக்டர் நிலைமையும் தெரிந்துவிடும்.

வாங்கியதும் முதல் மாதச் செலவுக்கென்று தனியாகப் பணம் வைத்திருங்கள். கையில் இருக்கும் மொத்தத்தையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடக் கூடாது. பழைய ஓனர் என்ன சொன்னாலும் ஆயில், மூன்று ஃபில்டர் (ஆயில், ஏர், டீசல்), கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், ஆயில்தான் முக்கியம். இந்த எஞ்சினுக்கு ஆயிலே மூன்று லிட்டர் சுமார்தான். அந்தக் கொஞ்ச ஆயில்தான் டர்போவுக்கும், பிரஷரில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கும் போகிறது. கம்பெனி 10,000 கிலோமீட்டர் என்கிறது. இந்த வயதில் நான் 7,500-இல் மாற்றிவிடுகிறேன். மாற்றிய மறுநாளே ஆயில் கறுத்துவிட்டதே என்று சண்டைக்குப் போகாதீர்கள், டீசலில் அப்படித்தான். குச்சியில் அளவு குறைகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

டீசல் ஃபில்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள். இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் காமன் ரெயில் என்ற குழாயில் பிரஷர் ஆயிரம் பாருக்கு மேல் போகிறது, டீசலில் தண்ணீர் கலந்தால் பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்தே போகும். ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடச் சொல்லுங்கள். கூட்டமுள்ள பங்கில் போடுங்கள், டேங்க் வறள ஓட்டாதீர்கள். பைபாஸில் விரட்டி வந்து நிறுத்தினால், அரை நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றிய டர்போவுக்கு ஆயில் சட்டென்று நின்றால் பேரிங் தாங்காது.

புதிய பிஎஸ்6 டீசல் ஏதாவது கண்ணில் பட்டால் கொஞ்சம் யோசியுங்கள். அதில் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கும். டவுனிலேயே ஓடிய வண்டி என்றால் அது அடைத்திருக்க வாய்ப்புண்டு, மாற்றுவது பெரிய செலவு. உங்கள் டிசையருக்கு அந்தத் தொல்லை இல்லை.

பேப்பரில் மூன்று விஷயம். ஆர்சியில் ஹெச்பி, அதாவது வண்டிமேல் கடன் இருப்பதாகப் பதிவு இருந்தால், பேங்க் என்ஓசியும் கடன் பதிவை நீக்கும் ஃபாரம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். டெல்லி வண்டி மலிவாக வந்தால், பத்து வருஷம் தாண்டிய டீசலுக்கு அங்கே தடை, கெடுபிடி என்று இருந்துவந்ததுதான் பெரும்பாலும் காரணம். இங்கே மறுபதிவுக்கு வரி கட்ட வேண்டும், அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மூன்றாவது, 2014 பதிவு 2029-இல் முடிகிறது. அப்போது எஃப்சி காட்டி, பசுமை வரி கட்டி ஐந்து வருஷம் நீட்டிக்கலாம். விலை பேசும்போது இதையும் சொல்லுங்கள், விற்பவர் தானாக எடுக்க மாட்டார்.