எலிஃபண்டா படகில் வாந்தி எடுத்த பெண் கப்பலில் போகலாமா?

கேள்வி: என் மகள் கடலியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஜனவரியில் கோவாவிலிருந்து ஆய்வுக் கப்பலில் 25 நாள் அரபிக்கடலுக்குப் போக வேண்டுமாம். இங்கே பக்கத்திலிருக்கும் எலிஃபண்டா தீவுக்குப் போகும் படகிலேயே வாந்தி எடுத்தவள். நடுக்கடலில் தனியாக என்ன செய்வாள்? என் கணவர் வேண்டவே வேண்டாம் என்கிறார். நான் என்ன சொல்லட்டும்?
– ஒரு தாய், செம்பூர், மும்பை

பதில்: அன்புள்ள சகோதரி, போகட்டும் என்று சொல்லுங்கள். மாணவியாக இருந்தபோது இப்படியொரு கப்பலில் மூன்று வாரம் இருந்தவள் நான். உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் அம்மா நினைவுதான் வந்தது.

கப்பலில் அவள் தனியாக இருக்கவே முடியாது. அறையில் கூட ஒருத்தி இருப்பாள். சாப்பாடு மணியடித்தாற்போல் குறித்த நேரத்தில் நடக்கும். நேரத்துக்கு வரவில்லையென்றால் கப்பல் சமையல்காரரான பண்டாரியே ஆளனுப்பி விசாரிப்பார். சைவம் கிடைக்குமா என்ற கவலையும் வேண்டாம். பருப்பு, சாதம், சப்பாத்தி, காய் தினமும் உண்டு. ஊறுகாயும் பருப்புப்பொடியும் நிறையவே கொடுத்தனுப்புங்கள், பத்து நாளில் எல்லோரும் கேட்பார்கள்.

கஷ்டம் தூக்கத்தில்தான். கப்பல் ஓடும் ஒவ்வொரு நாளும் பெருஞ்செலவு என்பதால் வேலை இரவு பகலாக நடக்கும். எனக்கு 12 முதல் 4 வரை முறை, பகலிலும் இரவிலும். நள்ளிரவில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போவோம். கடல்நீரின் உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் சிடிடி என்ற கருவியை, நீர் பிடிக்கும் உருளைகளோடு சேர்த்து, மேல்தள ஆட்களின் தலைவரான சாரங்கும் அவர் ஆட்களும் கம்பிவடத்தில் இறக்குவார்கள். நொடிக்கு சுமார் ஒரு மீட்டர். 2000 மீட்டர் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். மேலே வந்ததும் ஆக்சிஜன் அளக்கும் நீரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அரபிக்கடலில் சுமார் 150 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரை ஆக்சிஜன் மிகமிகக் குறைவு. மேலே செழித்து வளரும் நுண்ணுயிர்கள் செத்து இறங்கி மக்கும்போது அந்த ஆக்சிஜன் செலவாகிவிடுகிறது. அதனால் பாட்டிலில் ஒரு காற்றுக்குமிழி புகுந்தாலும் கணக்கு கெட்டுவிடும். அந்த நீர் விரலில் படும்போது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது போலச் சில்லென்றிருக்கும். எனக்கு அதுவரை பாடப்புத்தகத்தில் மட்டும் இருந்த கடல் அன்றைக்குத்தான் கையில் வந்தது.

அப்புறம் வாந்தி. எலிஃபண்டா படகை வைத்து முடிவு செய்யாதீர்கள். கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனத்தின் 'சிந்து சாதனா' 80 மீட்டர் நீளக் கப்பல்; அதன் ஆட்டமே வேறு. முதல் இரண்டு மூன்று நாள் தலை சுற்றலாம். கண் அசையாத சுவரைப் பார்க்கிறது, காதுக்குள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு ஆட்டத்தை உணர்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால் வரும் குமட்டல் அது. பெரும்பாலோருக்குத் தானாகவே அடங்கிவிடும். வெறும் வயிறு ஆகாது, உப்பு பிஸ்கட்டாவது கடிக்கட்டும். கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தாலும் தெளியும். மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, கப்பல் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஜனவரியில் மழைக்காலக் கொந்தளிப்பு இருக்காது என்பதும் நல்லதே.

ஆபத்துக்காலப் பயிற்சி எல்லோருக்கும் உண்டு. ஏழு குட்டை ஒலியும் ஒரு நீள ஒலியும் கேட்டால் உயிர்காப்புச் சட்டையோடு குறித்த இடத்தில் நிற்க வேண்டும். படியேறும்போது ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்கட்டும், இதை நீங்களும் சொல்லியனுப்புங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு செய்தி. 1983 டிசம்பரில் கோவாவிலிருந்து அண்டார்க்டிகாவுக்குக் கிளம்பிய இந்தியக் குழுவில் கடலியலாளர் அதிதி பந்த், நிலவியலாளர் சுதிப்தா சென்குப்தா என்று இரண்டு பெண்கள் போனார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பெண்கள் கடலுக்குப் போய் வந்துவிட்டார்கள்.

உங்களுக்குத்தான் கஷ்டம், அதை மறைக்க மாட்டேன். கரை மறைந்ததும் போன் சிக்னல் போய்விடும். செயற்கைக்கோள் இணைப்பு இருந்தாலும் தினமும் பேச முடியாமல் போகலாம். எத்தனை நாளைக்கு ஒருமுறை செய்தி வரும், அவசரம் என்றால் கரையில் யாரைக் கூப்பிடுவது என்று கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செய்தி வராத நாளில் அவள் வேலையில் இருக்கிறாள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் ஓரிரு நாள் வீட்டுத் தரையே ஆடுவதாகச் சொல்வாள், சுவரைப் பிடித்து நடந்தாலும் பயப்பட வேண்டாம். வயிறார சாப்பாடு போட்டுத் தூங்க விடுங்கள்.