சருகை யார் வாருவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகன் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறான். "அக்டோபர்ல வாம்மா, மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமா சினிமா மாதிரி இருக்கும்" என்று வருஷா வருஷம் கூப்பிடுகிறான். ஒருமுறை போய் வந்த என் நாத்தனாரோ, "ஒண்ணும் இல்ல அண்ணி, ஒரே மழை, குளிரு, இலை வார்ற வேலை" என்கிறாள். யாரை நம்புவது?
– ஒரு வாசகி, காட்பாடி

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை அம்மா. மகன் பத்து நாளைப் பற்றிச் சொல்கிறார், நாத்தனார் மீதி இரண்டு மாதத்தைப் பற்றிச் சொல்கிறார்.

அந்த நிறம் நிஜம்தான். இலையில் மஞ்சள் எப்போதும் இருக்கிறது, பச்சையம் அதை மூடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பகல் குறுகி இரவு குளிர ஆரம்பித்ததும் மரம் பச்சையம் தயாரிப்பதை நிறுத்திவிடும், மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு கதை வேறு. அது பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் புதிதாக உண்டாகிறது, அதற்குப் பகலில் நல்ல வெயிலும் ராத்திரியில் உறையாத குளிரும் சேர்ந்து அமைய வேண்டும். அமையாத வருஷம் மங்கலாக ஒரு பழுப்போடு போய்விடும். அமைந்த வருஷத்திலும் நடுவில் ஒரு பெருங்காற்று அடித்தால் ஒரே ராத்திரியில் எல்லாம் தரையில் கிடக்கும். கனெக்டிகட்டில் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கத்துக்குள் உச்சம் வரும், ஒரு இடத்தில் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு. நீங்கள் டிக்கெட் எடுக்க வேண்டியது ஜூலையில். ஜூலையில் எந்த மரமும் தேதி சொல்லாது.

அப்புறம் விழுந்த இலை. அதைப் பற்றி எந்தப் படத்திலும் காட்ட மாட்டார்கள். வீட்டுக்காரர்தான் வார வேண்டும், பல ஊர்களில் காகிதப் பைகளில் கட்டி வாசலில் வைக்க வேண்டும், கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் தகரத்தில் அடைத்துக்கொண்ட சருகை ஏணி போட்டு ஏறி எடுக்க வேண்டும், சனிக்கிழமை காலையில் தூங்கலாம் என்றால் தெரு முழுக்க இலை ஊதும் மெஷின் சத்தம். குழந்தைகள் இலைக் குவியலில் குதிக்கிற போட்டோ அனுப்பியிருப்பாரே மகன்? அதில் தெரியாதது உண்ணி. லைம் நோய் என்று ஒன்று இருக்கிறது, அந்தப் பெயரே கனெக்டிகட்டில் உள்ள லைம் என்ற ஊரிலிருந்து 1970களில் வந்ததுதான். அதைப் பரப்புகிற மான் உண்ணிக்குச் சருகு பிடித்தமான இடம், வளர்ந்த உண்ணி அக்டோபர் நவம்பரில் நன்றாகவே நடமாடும். பேரக் குழந்தைகளோடு சருகில் உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் மடிப்பு, கழுத்து, காதின் பின்பக்கம் எல்லாம் ஒருதரம் பார்த்துவிடுங்கள், புடவையையும் உதறுங்கள்.

2011 அக்டோபர் 29-ல் அந்தப் பக்கம் முன்கூட்டியே பனி கொட்டியது. நாம் ரசிக்க ஆசைப்படுகிற அதே இலைகள் இன்னும் மரத்தில் இருந்ததால் ஈரப்பனி அதில் தேங்கி, பாரம் தாங்காமல் கிளைகள் முறிந்து மின்கம்பிகள் மேல் விழுந்து, லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போனது, சில ஊர்களில் ஒரு வாரத்துக்கும் மேல். எல்லா வருஷமும் இப்படி நடக்காது, பயப்பட வேண்டாம்.

உங்களுக்கு நிஜமாகவே கஷ்டமாக இருக்கப்போவது வேறு. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்கள். அதன்பிறகு சாயங்காலம் நாலே முக்காலுக்குள் சூரியன் இறங்கிவிடும். மகனும் மருமகளும் வேலையிலிருந்து வருவதற்குள் இருட்டிவிட்ட வீட்டில், பேச ஆள் இல்லாமல், வெளியே நடக்கவும் முடியாமல் உட்கார்ந்திருப்பது வேலூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு லேசில் பழகாது. அதனால் அக்டோபர் இரண்டாவது வாரம் போய், கடிகாரம் திருப்புவதற்குள் திரும்பி வந்துவிடுங்கள். மங்கி குல்லா இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கதைகளில் வருகிற இலையுதிர் காலம் நம் வட ஆற்காட்டுக்கு ஏன் வருவதே இல்லை?
– பத்தாம் வகுப்பு மாணவர், போளூர்

வருகிறது தம்பி, நமக்குத்தான் அது கண்ணில் படுவதில்லை. மாசி பங்குனியில் ஜமுனாமரத்தூர் பஸ் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார். ஜவ்வாது மலைச் சரிவில் தேக்கு மொட்டையாக நிற்கும், முறம் மாதிரி இலைகள் காலடியில் நொறுங்கும். அமெரிக்கா மாதிரிக் குளிர் நாட்டில் மரம் குளிருக்குப் பயந்து இலையை விடுகிறது, இங்கே தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பயந்து. இலை வழியாகத்தான் மரத்திலிருந்து நீர் ஆவியாகிப் போகிறது, மழை நின்று மண் காய்ந்த பிறகு அவ்வளவு இலையை வைத்துக்கொண்டு கோடையைத் தாண்ட முடியாது. இலைக்காம்பின் அடியில் ஒரு தடுப்பு அடுக்கு உண்டாகி, இலை தானாகக் கழன்று விழும். காரணம் வேறாக இருந்தாலும் கழல்கிற விதம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

சிவப்பு வேண்டும் என்றால் மலைக்குக்கூடப் போக வேண்டாம், தெருவில் இருக்கிற பாதாம் மரத்தைப் பார், ரத்தச் சிவப்பாகி விழும். எனக்கு ஜவ்வாது மாசியில்தான் பிடிக்கும். ஆனால் அதே சருகில்தான் மார்ச், ஏப்ரலில் காட்டுத்தீ பிடித்து ஓடுகிறது. வனத்துறைக்காரர்களிடம் போய் "என்ன அழகான சருகு" என்று சொல்லிவிடாதே.

கேள்வி: எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட் அக்டோபரில் ஏலகிரியில். மஞ்சள் இலை மழையாகக் கொட்ட வேண்டும் என்பது வருங்கால மனைவியின் ஆசை. நடக்குமா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதினாலு கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனால் மேலே பச்சைப்பசேல் என்று இருக்கும், இலை மழைக்குப் பதில் மழையே கொட்டும். போட்டோகிராபரிடம் சொல்லுங்கள், ஒரு கோணி நிறைய பிளாஸ்டிக் இலை கொண்டுவருவார். ஷூட் முடிந்ததும் அதை நீங்களே பொறுக்கி எடுத்துக்கொண்டு இறங்கவும்.

கேள்வி: ஐப்பசி மழை ஆரம்பித்தால் என் கணவர் ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு, பாட்டு வைத்துக்கொண்டு பஜ்ஜி கேட்கிறார். நான் துணி காயவில்லை என்றால் "உனக்கு ரசனையே இல்ல" என்கிறார். நீங்களே சொல்லுங்கள் சார்.
– ஒரு வாசகி, ராணிப்பேட்டை

பிள்ளைகளின் யூனிபார்மை இஸ்திரிப் பெட்டியால் காயவைப்பவர் யார் என்று எழுதவில்லை, ஆனாலும் தெரிகிறது. உங்களவர் சொல்கிற ரசனை சங்கப் புலவர்களுக்கே இல்லை. இந்த ஐப்பசி கார்த்திகைக் குளிர்காலத்தை, அதாவது கூதிரைப் பாடுகிற நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில், வெள்ளத்துக்குப் பயந்து மேட்டுக்கு மாட்டை ஓட்டிப்போன இடையர்கள் கன்னம் நடுங்கத் தீயில் கை காய்கிறார்கள், பறவைகள் குளிரில் விறைத்து விழுகின்றன, பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைக்கிறது. நாற்காலியும் பஜ்ஜியும் எங்கேயும் வரவில்லை. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியபோது பாலத்தில் நின்று செல்பி எடுத்தவர்களும் இருந்தார்கள், கரையோரத்தில் வீட்டுச் சாமானைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் இருந்தார்கள், மழை என்னவோ ஒரே மழைதான். பஜ்ஜி போடுங்கள், தப்பில்லை. வாழைக்காயை அவர் சீவட்டும், கொடியில் இருக்கிற துணியை ஃபேனுக்கு அடியில் மாற்றிப் போடுவதையும் பாட்டு கேட்டுக்கொண்டே செய்யலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டு வேப்பமரம் பங்குனி வந்தால் எங்கள் வாசல் முழுக்க இலை கொட்டுகிறது. கேட்டால் "நிழல் மட்டும் வேணுமா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். குவித்துக் கொளுத்தினால் புகை என்று அதற்கும் சண்டை. என்ன செய்ய?
– ஒரு வாசகர், சத்துவாச்சாரி

கொளுத்தாதீர்கள். திடக்கழிவு விதிகள்படி குப்பையை இப்படி எரிக்கக் கூடாது, சட்டத்தை விடுங்கள், அந்தப் புகை முதலில் உங்கள் வீட்டுக்குள்தான் வரும். வேம்பு மொத்தமாகக் கொட்டிச் சில வாரங்களில் துளிர்த்துவிடுகிற மரம், தொல்லை அவ்வளவு நாள்தான். வாரியதைச் செடிகளின் அடியில் மூடாக்காகப் போடுங்கள், ஈரம் காக்கும், சுத்தமான இலையை நன்றாகக் காயவைத்து அரிசிப் பானையில் போட்டால் வண்டு அண்டாது. மற்றபடி, சித்திரை ஒன்றாம் தேதி பச்சடிக்கு வேப்பம்பூ கேட்டு நீங்கள் தட்டப்போவது அதே பக்கத்து வீட்டுக் கதவைத்தான், அதுவரைக்கும் பேச்சை முறித்துக்கொள்ளாமல் இருங்கள்.